ரூஸ்வெல்ட் கேட்காமலே விட்ட பி.பி நம்பர்!

1945 ஏப்ரல் 12. அமெரிக்காவின் வார்ம் ஸ்பிரிங்ஸ். தன்னை ஓவியமாக வரைய வந்தவருக்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். திடீர்னு பின்னந்தலையில் கடுமையான வலி. அப்படியே மயங்கிச் சரிஞ்சார். பி.பி 300-ஐத் தொட்டிருந்தது. சில மணி நேரத்தில் உயிர் போனது. மூளையில் ரத்தக்கசிவு... அதாவது, ஸ்ட்ரோக். வயசு 63.

இது ஒரே நாளில் வந்ததா? இல்லவே இல்லை!

1882-ல் நியூயார்க் மாநிலத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 39 வயசுல போலியோ தாக்கி, கால்கள் செயலிழந்தன. அரசியலில் இனி அவ்வளவுதான்னு பலரும் நினைச்சாங்க. ஆனால், அதன் பிறகுதான் நான்கு முறை அதிபர் தேர்தலில் ஜெயிச்சார். அமெரிக்காவில் வேறு யாரும் செய்யாத சாதனை!

இன்னொரு பக்கம், பி.பி ஏறிக்கிட்டே இருந்தது. 1937-ல் 162/98. 1941-ல் 188/105. வயசானா பி.பி ஏறத்தானே செய்யும்னு டாக்டர்கள் பலர் நம்பிய காலம் அது. அதிபரின் டாக்டரோ காது, மூக்கு, தொண்டை நிபுணர்.

1944 மார்ச்சில்தான் இதய மருத்துவர் ஹோவர்ட் ப்ரூயன் அவரைப் பரிசோதித்தார். இதயம் பலவீனமாகியிருந்தது. ஓய்வு, உப்பைக் குறைப்பது, இதயத்துக்கு ஒரு மருந்து... அன்றைக்கு முடிந்தது அவ்வளவே. பி.பி-யைக் குறைக்க இன்று இருப்பது போன்ற மாத்திரைகள் இல்லை. மக்களுக்கு உண்மை சொல்லப்படவில்லை. ஏன் இத்தனை பரிசோதனைன்னு ரூஸ்வெல்ட்டும் கேட்டதில்லை.

அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, 1948-ல், இதய நோய் ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. அதே வருஷம் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைப் பல வருஷங்களுக்குத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. பி.பி அதிகமானால் ஸ்ட்ரோக் ஆபத்தும் அதிகம் என்பதை உறுதியாகச் சொன்னது இந்த ஆய்வுதான்.

சரி, பி.பி-யைக் குறைத்தால் ஆபத்தும் குறையுமா? 1967-ல் பதில் கிடைத்தது. மிக அதிக பி.பி இருந்த 143 முன்னாள் ராணுவ வீரர்களில் ஒரு பிரிவுக்கு மருந்து, இன்னொரு பிரிவுக்கு டம்மி மாத்திரை. டம்மி எடுத்தவர்களுக்குத்தான் ஆபத்தான பாதிப்புகள் மிக அதிகம். இனியும் அவர்களுக்கு மருந்து தராமல் இருப்பது நியாயமில்லைன்னு, சோதனையை முன்கூட்டியே நிறுத்தினாங்க.

ரூஸ்வெல்ட் காலத்தில் நம்பர் தெரிந்தும் மாத்திரை இல்லை. இன்று மாத்திரை இருக்கு. நம்பர்? இன்னிக்கு ராத்திரி அப்பா, அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.