ஹேர்மன் ஸ்டௌடிங்கர்

ஹேர்மன் ஸ்டௌடிங்கர் (மார்ச் 23, 1881 – செப்டம்பர் 8, 1965) ஜெர்மனியைச் சேர்ந்த கரிம வேதியியலாளர் ஆவார். ரப்பர், செல்லுலோஸ், பாலிஸ்டைரீன் போன்ற பொருட்கள் மிக நீண்ட மூலக்கூறுகளால் ஆனவை என்பதையும், அம்மூலக்கூறுகளில் ஆயிரக்கணக்கான அணுக்கள் வழக்கமான வேதிப்பிணைப்புகளாலேயே இணைந்துள்ளன என்பதையும் நிறுவியவர். இப்பணிக்காக 1953 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பாலிமர் எனப்படும் பல்லுறுப்பிகளின் வேதியியலுக்கு அடித்தளமிட்டவராகக் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

ஸ்டௌடிங்கர் ரைன் ஆற்றங்கரையில் உள்ள வோர்ம்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பிரான்ஸ் ஸ்டௌடிங்கர் ஒரு மெய்யியலாளர். தாவரவியலில் ஆர்வம் கொண்டிருந்த ஸ்டௌடிங்கர், அதனை நன்கு புரிந்துகொள்ள வேதியியல் அறிவு வேண்டும் என்ற அறிவுரையை ஏற்று வேதியியல் பயின்றார். 1903 இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் பணியாற்றியபோது, கீட்டீன்கள் என்னும் வினைத்திறன் மிக்க சேர்மங்களை 1905 இல் கண்டறிந்தார். கார்ல்ஸ்ரூவேயில் சில ஆண்டுகள் கற்பித்த பின், 1912 இல் சூரிச்சில் உள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். அசைடுகளுக்கும் பாஸ்பீன்களுக்கும் இடையே நிகழும் ஸ்டௌடிங்கர் வினை 1919 இல் அங்குதான் வெளியிடப்பட்டது.

பெருமூலக்கூறுக் கொள்கை

அக்காலத்தில் ரப்பர், செல்லுலோஸ் போன்றவை சிறு மூலக்கூறுகளின் திரள்கள் என்றே பெரும்பாலான வேதியியலாளர்கள் கருதினர். வலிமை குறைந்த ஈர்ப்பு விசைகள் சிறு மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருப்பதாலேயே இப்பொருட்கள் கூழ்மங்களாகத் தோன்றுகின்றன என்பது அவர்கள் விளக்கம். 1920 இல் வெளியிட்ட கட்டுரையில் ஸ்டௌடிங்கர் இதனை மறுத்தார். சிறு அலகுகள் சாதாரணப் பிணைப்புகளால் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து சங்கிலிகளாகின்றன என்றார். 1922 இல் இத்தகைய மூலக்கூறுகளுக்குப் பெருமூலக்கூறு என்னும் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கினார்.

எதிர்ப்பும் சான்றுகளும்

கீட்டீன் ஆய்வுகளால் ஏற்கனவே புகழ் பெற்றிருந்த ஒருவர், தெளிவான உருகுநிலை கூட இல்லாத பிசின்களையும் பசைகளையும் ஆராய்வதைச் சக அறிவியலாளர்கள் பலர் வீண்வேலை எனக் கருதினர். எக்ஸ்-கதிர் ஆய்வும் அவருக்கு எதிரான வாதமாக முன்வைக்கப்பட்டது. செல்லுலோஸ் படிகத்தின் அலகுக்கூடு மிகச் சிறியது. மூலக்கூறு அதைவிடப் பெரியதாக இருக்க முடியாது என்றனர். ஒரே சங்கிலி பல அலகுக்கூடுகள் வழியாகத் தொடர்ந்து செல்ல முடியும் என்பது பின்னரே ஏற்கப்பட்டது.

ஸ்டௌடிங்கர் ஆய்வுகளாலேயே விடை கூறினார். ரப்பரில் உள்ள இரட்டைப் பிணைப்புகளே சிறு மூலக்கூறுகளை ஈர்த்து வைத்துள்ளன என்ற கருத்து அன்று நிலவியது. அவ்வாறாயின், ஹைட்ரஜனைச் சேர்த்து அப்பிணைப்புகளை நீக்கினால் ரப்பர் எளிய நீர்மமாகச் சிதைய வேண்டும். ஆனால் ஹைட்ரஜனேற்றப்பட்ட ரப்பரும் கூழ்மத் தன்மையுடனே இருந்தது. அடுத்து, நீளத்தில் வேறுபட்ட பாலிஆக்சிமெத்திலீன் சங்கிலிகளைத் தயாரித்து, நீளம் கூடக்கூடப் பண்புகள் படிப்படியாக மாறுவதைக் காட்டினார். கரைசலின் பாகுத்தன்மையைக் கொண்டு மூலக்கூறு எடையைக் கணிக்கும் முறையையும் உருவாக்கினார்.

1920களில் ஸ்வீடனைச் சேர்ந்த தியோடர் ஸ்வெட்பெரி புரதங்களின் பெரும் மூலக்கூறு எடையை அளந்தார். அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் நன்கறியப்பட்ட வினைகளைக் கொண்டே நீண்ட சங்கிலிகளை உருவாக்கினார். 1930களில் பெருமூலக்கூறுக் கொள்கை பரவலாக ஏற்கப்பட்டது. எனினும் அவருடைய கருத்துகள் அனைத்தும் நிலைக்கவில்லை. சங்கிலிகள் விறைப்பான குச்சிகள் போன்றவை என்று அவர் கருதினார். அவை வளைந்து சுருளக்கூடியவை என்பதைப் பிறர் நிறுவினர். அவருடைய பாகுத்தன்மை விதியும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது.

போரும் அரசியலும்

முதல் உலகப் போரின்போது ஸ்டௌடிங்கர் போரை எதிர்த்தார். அமெரிக்காவின் தொழில்வளத்தின் முன் ஜெர்மனி வெல்ல இயலாது என எழுதினார். நச்சுவாயுப் பயன்பாட்டைக் கண்டித்ததால் பிரிட்ஸ் ஹேபருடன் அவருக்குக் கருத்து மோதல் ஏற்பட்டது. 1926 இல் பிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். நாஜி ஆட்சியில் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெகர், இப்பழைய நிலைப்பாட்டைக் காரணம் காட்டி ஸ்டௌடிங்கரைப் பணிநீக்கம் செய்யுமாறு 1934 இல் பரிந்துரைத்தார். இரகசியக் காவல்துறையும் விசாரித்தது. பணிநீக்கம் நிறைவேறாததால் அவர் பதவியில் நீடித்தார்.

பிற்காலம்

தாவரவியலாளரான மனைவி மக்டா ஸ்டௌடிங்கர் அவருடைய ஆய்வுகளில் பங்கேற்றார். பிரைபுர்க்கில் ஸ்டௌடிங்கர் பணியாற்றிய ஆய்வகம் 1944 நவம்பரில் குண்டுவீச்சில் அழிந்தது. போருக்குப் பின் பெருமூலக்கூறு வேதியியலுக்கென ஓர் ஆய்விதழை 1947 இல் தொடங்கினார். 1951 இல் ஓய்வு பெற்றார். நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 72. கொள்கையை முன்வைத்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன. 1965 இல் பிரைபுர்க்கில் காலமானார்.

தாக்கம்

ஸ்டௌடிங்கர் புதிய நெகிழிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அல்லர். பேக்கலைட் போன்றவை அவருடைய கொள்கைக்கு முன்பே, மூலக்கூறு அமைப்பு அறியப்படாமலே தயாரிக்கப்பட்டன. அமைப்பு தெளிவான பின், வேண்டிய பண்புக்கேற்பச் சங்கிலியின் நீளத்தையும் அலகுகளையும் திட்டமிட முடிந்தது. நைலான் முதல், கரியிழைகளை எப்பாக்சிப் பிசினில் பதித்துச் செய்யப்படும் வானூர்திக் கூட்டுப்பொருட்கள் வரை இவ்வறிவைச் சார்ந்தவை. பிரைபுர்க்கில் அவருடைய பணி நடைபெற்ற இடம் 1999 இல் வேதியியலின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.