வைரத்தைத் தேடாமல் சிவப்புக் கல்லைத் தேடியவர்: யார் இந்த லாரிசா பொபுகாயேவா?

உலகில் அதிக வைரம் எடுக்கும் நாடுகளின் பட்டியலில் ரஷ்யா எப்போதும் முன்வரிசையில் இருக்கும். அதில் பெரும்பகுதி சைபீரியாவின் யாகுட்டியா பகுதியிலிருந்து வருகிறது. ஆனால் 1954 கோடைவரை அந்த மண்ணில் ஒரு வைரப் பாறைகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. முதல் பாறையைக் கண்டுபிடித்தவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண். கூட இருந்தது ஒரே ஒரு உதவியாளர், ஒரு நாய். அவ்வளவுதான்.

லாரிசா பொபுகாயேவா 1923-ல் கலுகா நகரில் பிறந்தார். அப்பா கம்யூனிஸ்ட் கட்சியில் பொறுப்பில் இருந்தவர். ஸ்டாலின் காலக் களையெடுப்பில் 1937-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் குடும்பம் லெனின்கிராடுக்குப் போனது. 'மக்கள் விரோதியின் மகள்' என்ற முத்திரை அந்தக் காலத்தில் லேசான விஷயமல்ல. படிப்பு, வேலை எல்லாவற்றிலும் கூடவே வரும். போர் வந்தபோது மாஸ்கோவைக் காத்த விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். போர் முடிந்து, லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிப்பை 1950-ல் முடித்தார்.

அப்போது சோவியத் அரசுக்கு வைரம் அவசரத் தேவை. நகைக்கு இல்லை. எஃகு வெட்ட, பாறையைத் துளைக்க, நுட்பமான கருவிகள் செய்ய வைரம் வேண்டும். உலகச் சந்தை மேற்கத்திய நிறுவனங்கள் கையில். பனிப்போர் வேறு தொடங்கிவிட்டது. சொந்த மண்ணில் கிடைக்காதா?

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. சைபீரியாவின் நில அமைப்பும் தென்னாப்பிரிக்காவின் நில அமைப்பும் ஒரே மாதிரி இருப்பதாக விளாதிமிர் சோபலேவ் என்ற நிலவியலாளர் போருக்கு முன்பே சொல்லியிருந்தார். 1949-ல் வில்யூய் ஆற்று மணலில் வைரங்களும் கிடைத்தன. ஆனால் அதற்குமேல் விஷயம் நகரவே இல்லை. ஆற்றில் கிடைக்கிற வைரம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்தது. அந்த 'எங்கிருந்தோ' எங்கே?

இங்கே கொஞ்சம் பூமிக்குள் இறங்க வேண்டும். மேலோட்டுக்குக் கீழே இருக்கும் அடுக்குக்கு மேன்டில் என்று பெயர். பள்ளிப் புத்தகத்தில் 'கவசம்' என்று படித்திருப்பீர்கள். இயற்கை வைரங்களில் பெரும்பாலானவை அங்கே, சுமார் 150 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் அழுத்தத்திலும் ஆயிரம் டிகிரியை ஒட்டிய வெப்பத்திலும் உருவானவை. வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். அவை தானாக மேலே வராது. அதைவிட ஆழத்திலிருந்து வாயு நிறைந்த பாறைக்குழம்பு ஒன்று வேகமாகப் பீறிட்டு, வழியில் அகப்பட்ட மேன்டில் துண்டுகளை வாரிக்கொண்டு மேலே வரும். வைரத்துக்கு அது லிஃப்ட் மாதிரி. அந்தக் குழம்பு உறைந்த பாறைதான் கிம்பர்லைட். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரம் கொடுத்த பெயர். பூமியைக் குடைந்து நிற்கும் கேரட் வடிவப் புனல் போல இருப்பதால் அதைக் 'குழாய்' என்பார்கள். நம் பக்கத்திலும் உண்டு: ஆந்திராவின் வஜ்ரகரூர்.

பிரச்சினை என்னவென்றால், வைரக் குழாயிலும் வைரம் ரொம்பக் குறைவு. ஒரு டன் பாறையை உடைத்தால் ஒரு கேரட், அதாவது 0.2 கிராம் கிடைத்தாலே நல்ல குழாய். சைபீரியக் காட்டில் வைரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் ஆயுசு போதாது.

மாற்று வழியை யோசித்தவர்களில் முக்கியமானவர் நடாலியா சர்சாத்ஸ்கிக். பொபுகாயேவாவைவிட மூத்தவர், அவருடைய குழுத் தலைவர். வைரத்தோடு சேர்ந்து மேலே வரும் மற்ற கனிமங்களைத் தேடினால் என்ன என்பதுதான் கேள்வி. 1953 கோடையில் இருவரும் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி ஓடும் தால்தின் ஆற்றுப் பக்கம் போனார்கள். ஆற்று மணலைத் தட்டில் அள்ளி அலசினார்கள். அரிசி களையும்போது கல் அரிப்போமே, அதே தத்துவம்: லேசானது தண்ணீரோடு போய்விடும், கனமானது அடியில் தங்கும். தங்கியதில் ரத்தச் சிவப்பில் சின்னச் சின்ன மணிகள் இருந்தன.

லெனின்கிராட் திரும்பியதும் பல்கலைக்கழகத்தில் அலெக்சாந்தர் குகாரெங்கோவிடம் காட்டினார்கள். அவரிடம் தென்னாப்பிரிக்கக் கிம்பர்லைட் மாதிரிகள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்த்தால், அதே கல். பைரோப்! நவரத்தினத்தில் வரும் கோமேதகம் இருக்கிறதே, அது சேர்ந்த கார்னெட் குடும்பத்தில் இன்னொரு உறுப்பினர். மெக்னீசியம் மிகுந்த இந்தச் சிவப்பு வகை மேன்டிலின் ஆழத்தில் உருவாவது. கிம்பர்லைட்டில் வைரத்தைவிடப் பல மடங்கு அதிகமாகக் கிடக்கும். அப்போ வைரத்தைத் தேட வேண்டாம். பைரோப் போகிற வழியில் போனால் போதும்.

1954-ல் சர்சாத்ஸ்கிக்கால் போக முடியவில்லை. கைக்குழந்தை. பொபுகாயேவாவுக்கும் சின்ன வயதில் மகள் இருந்தாள், விட்டுவிட்டுத்தான் கிளம்பினார். கூட வந்தவர் ஃபியோதர் பெலிகோவ் என்ற தொழிலாளி. கொசுப்படை, சதுப்பு, முதுகில் மூட்டை, நாள் முழுக்க ஓடைத் தண்ணீரில் கை. ஒவ்வொரு ஓடையிலும் மணலை அலசி, பைரோப் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொண்டே மேல்நோக்கி நடந்தார்கள்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது? மூலப் பாறையிலிருந்து தூரம் போகப்போக மணிகள் உருண்டு, தேய்ந்து, குறைந்துபோகும். நெருங்க நெருங்க எண்ணிக்கை கூடும், மணி பெரிதாகும், மேல்தோல்கூட அப்படியே இருக்கும். ஒரு கட்டத்தில் ஓடையில் பைரோப் சட்டென்று நின்றுவிட்டால், ஊற்றுக்கண்ணைத் தாண்டி வந்துவிட்டோம் என்று அர்த்தம். திரும்பிப் பக்கத்துச் சரிவில் ஏற வேண்டும். பொபுகாயேவா அதைத்தான் செய்தார். ஆகஸ்ட் 21 அன்று ஒரு சரிவில் பாசியைப் பெயர்த்தால் கீழே நீலம் பாய்ந்த பாறை, அதில் பதிந்த சிவப்பு மணிகள். சோவியத் ஒன்றியத்தின் முதல் கிம்பர்லைட் குழாய். தூரத்து மின்னலைக் குறிக்கும் 'ஸார்னித்ஸா' என்ற ரஷ்யச் சொல்லைப் பெயராக வைத்தார்கள்.

இதுவரை சாகசக் கதை. இனிமேல் வருவதுதான் கசப்பு.

பகுதியில் வைரத் தேடலை நடத்திவந்தது அமாகின்ஸ்கயா என்ற பெரிய அரசு ஆய்வுக்குழு. நூற்றுக்கணக்கான ஆட்கள், ஆண்டுக்கணக்கில் செலவு. கண்டுபிடித்ததோ வெளியிலிருந்து வந்த ஒரு பெண். மாதிரிகளோடு நியூர்பாவில் இருந்த அவர்கள் தலைமையகத்துக்கு வந்த பொபுகாயேவாவை அங்கேயே நிறுத்திவைத்து, தங்கள் குழுவின் ஊழியராகச் சேரச் சொல்லி வாரக்கணக்கில் நெருக்கினார்கள். சேர்ந்துவிட்டால் கண்டுபிடிப்பும் அவர்கள் கணக்கில் வந்துவிடும், இல்லையா? அப்பா சுடப்பட்ட கதையைச் சுமந்துகொண்டிருப்பவர் எத்தனை நாள்தான் தாங்குவார்? கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

லெனின்கிராட் திரும்பினால் அங்கே வேறு வரவேற்பு. சொந்தக் குழுவை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சக ஊழியர்கள் முகம் திருப்பினார்கள். நெருக்கியவர்கள் பக்கம் பலன். நெருக்கப்பட்டவர் பக்கம் பழி. அலுவலக அரசியல் தெரிந்த யாருக்கும் இது புதிதாக இருக்காது.

1955-ல் சர்சாத்ஸ்கிக்கும் பொபுகாயேவாவும் சேர்ந்து தங்கள் முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்குள் பைரோப் முறை களத்தில் பரவிவிட்டது. அந்த ஜூன் மாதத்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு பெரிய குழாய்கள் சிக்கின: யூரி கபார்தின் குழு கண்ட 'மிர்', விளாதிமிர் ஷூகின் குழு கண்ட 'உதாச்னயா'. இரண்டுமே சுரங்கமாயின, ஊர்களாயின. இணையத்தில் அடிக்கடி சுற்றும் ஒரு படம் உண்டு: 500 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள ராட்சதக் குழி, விளிம்பில் குடியிருப்புகள். அதுதான் மிர்.

1957-ல் யாகுட்டியா வைரத்துக்காக லெனின் பரிசு அறிவித்தார்கள். பட்டியலில் பொபுகாயேவா இல்லை, சர்சாத்ஸ்கிக்கும் இல்லை. பொபுகாயேவாவுக்கு ஆர்டர் ஆஃப் லெனின் விருது கிடைத்தது, பெரிய கௌரவம்தான். ஆனால் கண்டுபிடித்தவர் என்ற உரிமையை அது தரவில்லை. அந்தப் பட்டயம் 1970-ல்தான் வந்தது. ஸார்னித்ஸா வெளிப்பட்டு 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. முறையை யோசித்த சர்சாத்ஸ்கிக் இன்னும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பொபுகாயேவா வைரத்தை விட்டு விலகி, மற்ற மணிக்கற்கள் பற்றிய ஆய்வில் மீதி ஆண்டுகளைக் கழித்தார். 1977 செப்டம்பரில் லெனின்கிராடில் இறந்தார். இதயத்திலிருந்து வரும் பெருநாடி வெடித்துவிட்டது. வயது 54.

அந்தச் சிவப்பு மணிகளின் வேலை அத்தோடு முடியவில்லை. சோபலேவின் மகன் நிகோலாய் சோபலேவும், தென்னாப்பிரிக்காவின் ஜான் கர்னியும் பைரோப்பின் வேதியியலை நுணுக்கமாகப் படித்தார்கள். குரோமியம் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் உள்ள மணி, வைரம் உருவாகும் அதே ஆழத்துச் சூழலில் பிறந்தது என்று தெரிந்தது. ஆக, ஒரு குழாயில் வைரம் இருக்குமா என்பதைச் சுரங்கம் தோண்டும் முன்பே ஓரளவு கணிக்கலாம். எந்தத் துளைக் கருவியும் எட்டாத மேன்டிலின் அழுத்தம், வெப்பம், வேதியியல் பற்றி விஞ்ஞானிகளுக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு, கிம்பர்லைட் வாரிக்கொண்டு வந்த இந்தச் சிறு துண்டுகள் சொன்னதுதான்.

ஸார்னித்ஸாவில் வைரம் குறைவு என்பதால் பல பத்தாண்டுகள் அதை யாரும் சுரங்கமாக்கவில்லை. அருகே உதாச்னயா குழாயைச் சுற்றி வளர்ந்த உதாச்னி நகரில் இன்று பொபுகாயேவாவுக்குச் சிலை இருக்கிறது. யாகுட்டியாவில் கிடைத்த ஒரு பெரிய வைரத்துக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.