ஹெர்பர்ட் சாப்மேன்: ஆயுள் தடை வாங்கியவர், ஆர்சனலை ஆர்சனல் ஆக்கிய கதை

1934 ஜனவரி 6, சனிக்கிழமை. லண்டனின் ஹைபரி மைதானத்தில் ஆர்சனலுக்கும் ஷெஃபீல்டு வெட்னஸ்டேவுக்கும் லீக் ஆட்டம். மேட்ச் பார்க்கக் கிளம்பிய பலருக்கு வழியில்தான் அந்தச் சேதி தெரிந்தது. ஆர்சனலின் மேனேஜர் அன்று அதிகாலை இறந்துவிட்டார். நிமோனியா. வயது 55.

ஆட்டம் ரத்தாகவில்லை. 1-1 என்று டிராவில் முடிந்தது. அந்த சீசனில் ஆர்சனல்தான் லீக் சாம்பியன். அடுத்த சீசனிலும் அதேதான். அதற்கு முந்தைய சீசனையும் சேர்த்தால் தொடர்ந்து மூன்று பட்டங்கள். அதில் இரண்டை அதற்கு அடித்தளம் போட்டவர் பார்க்கவே இல்லை.

இதைவிட ஆச்சரியம் என்னவென்றால், இந்த மனிதருக்குக் கால்பந்தில் ஆயுள் தடை விதிக்கப்பட்டிருந்தது. அந்தத் தடை நீடித்திருந்தால் இன்று நாம் பார்க்கிற கால்பந்து எப்படி இருந்திருக்கும் என்று சொல்வது கஷ்டம். யார் இந்த ஹெர்பர்ட் சாப்மேன்?

சுரங்கத் தொழிலாளியின் மகன்

1878 ஜனவரி 19 அன்று ஷெஃபீல்டு நகருக்குப் பக்கத்தில் உள்ள கிவெட்டன் பார்க் என்ற ஊரில் பிறந்தார் சாப்மேன். அது நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீட்டுப் பையன்கள் நேராகச் சுரங்கத்துக்குள் இறங்குவதுதான் வழக்கம். சாப்மேன் படிப்பில் கெட்டி என்பதால், ஷெஃபீல்டில் சுரங்கப் பொறியியல் படிக்கப் போனார்.

கூடவே கால்பந்தும் ஆடினார். ஆனால், குடும்பத்தில் ஸ்டார் அவர் இல்லை. தம்பி ஹாரி சாப்மேன்தான் ஷெஃபீல்டு வெட்னஸ்டேவுக்காக இரண்டு லீக் பட்டங்களும் ஓர் எஃப்.ஏ. கோப்பையும் வென்றவர். அண்ணன் ஹெர்பர்ட்டோ கிரிம்ஸ்பி, ஸ்விண்டன், நார்தாம்ப்டன், நாட்ஸ் கவுன்டி, டாட்டன்ஹாம் என்று ஊர் ஊராக கிளப் மாறிக்கொண்டே இருந்தார். ஆட்டத்தைவிட அவர் போட்டிருந்த மஞ்சள் நிற பூட்ஸைத்தான் ஜனங்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

1907இல் நார்தாம்ப்டன் டவுன் கிளப் அவரை ஆட்டக்காரர் கம் மேனேஜராகக் கூப்பிட்டது. சதர்ன் லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த டீம் அது. இரண்டே வருஷத்தில், 1909இல், அதே லீக்கில் சாம்பியன் ஆனது. சாப்மேன் கண்டுபிடித்த சூட்சுமம் எளிமையானது. எந்நேரமும் முன்னேறித் தாக்கிக்கொண்டே இருந்தால் எதிரணி பின்னால் குவிந்து நின்றுவிடும். கொஞ்சம் பின்வாங்கி அவர்களை வெளியே இழுத்தால், அவர்களின் பின்னால் இடம் கிடைக்கும். இன்று கவுன்டர் அட்டாக் என்று எல்லோரும் சொல்கிற விஷயம்தான்.

மேனேஜர் என்றால் கிளார்க்கா?

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு இங்கிலாந்தில் மேனேஜர் என்ற பதவிக்கு இப்போதைய கெத்து கிடையாது. பெரும்பாலான கிளப்களில் யார் ஆட வேண்டும் என்று முடிவு செய்தது இயக்குநர் குழு. கிளப்பில் பணம் போட்ட உள்ளூர் முதலாளிகள்தான் அந்தக் குழு. மேனேஜர் என்பவர் கடிதம் எழுதுவார், ரயில் டிக்கெட் போடுவார், கணக்குப் பார்ப்பார். ஆட்ட உத்தி என்பது மைதானத்தில் இறங்கிய பிறகு ஆட்டக்காரர்கள் பார்த்துக்கொள்கிற சமாச்சாரம்.

சாப்மேன் இதைத் தலைகீழாக்க விரும்பினார். டீமைத் தேர்வு செய்வது, ஆளை வாங்குவது, உத்தி வகுப்பது, பயிற்சி, உடல்நலம் என எல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

ஒரு கிளப்பையே ஏலம் விட்ட நாள்

1912இல் லீட்ஸ் சிட்டிக்குப் போனார். இரண்டாம் டிவிஷனின் அடிமட்டத்தில் தவித்த அந்த கிளப்பை இரண்டே சீசனில் நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது முதல் உலகப் போர் குறுக்கே வந்தது. 1916இல் லீட்ஸுக்குப் பக்கத்தில் இருந்த பார்ன்போ வெடிமருந்துத் தொழிற்சாலையில் மேலாளராகச் சேர்ந்தார் சாப்மேன். கிளப் நிர்வாகம் வேறு கைகளுக்குப் போனது.

போர் முடிந்ததும் பூதம் கிளம்பியது. போர்க்காலத்தில் விதிகளை மீறி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததாக லீட்ஸ் சிட்டி மீது புகார். கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னது லீக். கிளப் மறுத்தது. விளைவு, 1919 அக்டோபரில், சீசன் தொடங்கி எட்டு ஆட்டங்களே முடிந்த நிலையில், லீட்ஸ் சிட்டி லீக்கிலிருந்தே தூக்கி எறியப்பட்டது. மீதி ஆட்டங்களை போர்ட் வேல் கிளப் ஆடியது. லீட்ஸ் ஆட்டக்காரர்கள் ஒரு ஹோட்டலில் வைத்து மற்ற கிளப்களுக்கு ஏலம் விடப்பட்டார்கள். ஐந்து நிர்வாகிகளுக்கு ஆயுள் தடை. அதில் ஒருவர் சாப்மேன்.

அதற்கு முன்பே கிளப் வேலையை விட்டுவிட்டு, செல்பி நகரில் ஓர் எண்ணெய் ஆலைக்கு அவர் போயிருந்தார். 1920 இறுதியில் அந்த வேலையும் போனது. வயது 42. கால்பந்துக்குள் போக முடியாது, கையில் வேலையும் இல்லை. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

காப்பாற்றிய ஹட்டர்ஸ்ஃபீல்டு

பக்கத்து ஊரான ஹட்டர்ஸ்ஃபீல்டு அன்று ரக்பி பைத்தியம் பிடித்த ஊர். கால்பந்து கிளப்பில் கடன் தலைக்கு மேல். லீட்ஸ் சிட்டி ஒழிந்த கையோடு, ஹட்டர்ஸ்ஃபீல்டு டவுன் கிளப்பை அப்படியே லீட்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக அதன் முதலாளியே திட்டம் போட்டார். ஊர் மக்கள் கொதித்தெழுந்து பணம் திரட்டி கிளப்பைத் தக்கவைத்தார்கள். அந்த கிளப்தான் சாப்மேனைத் தேடி வந்தது.

தடையை நீக்கக் கோரி ஹட்டர்ஸ்ஃபீல்டு முறையிட்டது. பணம் கைமாறியதாகச் சொல்லப்படும் காலத்தில் சாப்மேன் கிளப்பிலேயே இல்லை, வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார் என்பதுதான் வாதம். அது எடுபட்டது. தடை நீங்கியது. 1921 தொடக்கத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர், சில வாரங்களிலேயே மேனேஜர் ஆகிவிட்டார்.

அடுத்த வருஷமே எஃப்.ஏ. கோப்பை. 1924இல் லீக் பட்டம், அதுவும் மயிரிழையில். ஹட்டர்ஸ்ஃபீல்டும் கார்டிஃப் சிட்டியும் ஆளுக்கு 57 புள்ளிகள். அப்போது கோல் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள். அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பார்கள். ஹட்டர்ஸ்ஃபீல்டு 60 அடித்து 33 வாங்கியது, கார்டிஃப் 61 அடித்து 34 வாங்கியது. வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் 0.024. கடைசி ஆட்டத்தில் கார்டிஃப் ஒரு பெனால்டியைத் தவறவிட்டது வேறு கதை.

1925இலும் ஹட்டர்ஸ்ஃபீல்டே சாம்பியன். 42 ஆட்டங்களில் அது வாங்கிய கோல்கள் வெறும் 28.

7-0 தோல்வியும் ஒரு ஃபார்மேஷனும்

அந்த நேரத்தில் லண்டனில் ஆர்சனல் 20ஆம் இடத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ஹென்றி நாரிஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: மேனேஜர் தேவை, ஆட்டக்காரர்களைப் பெரும்பணம் கொடுத்து வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். வருஷத்துக்கு 2,000 பவுண்டு சம்பளத்தில் வந்து சேர்ந்தார் சாப்மேன். அன்று ஓர் ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு அதிகபட்சம் 8 பவுண்டுதான் சட்டப்படி கொடுக்க முடியும்.

வந்ததும் முதல் வேலையாக ஆளை வாங்கினார். சண்டர்லாந்தின் சார்லி புக்கனுக்கு அந்த கிளப் கேட்டது 4,000 பவுண்டு. நாரிஸ் பேரம் பேசி, 2,000 ரொக்கம், முதல் சீசனில் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் 100 என்று முடித்தார். புக்கன் 21 கோல் அடித்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாரிஸுக்கு நஷ்டம்.

அதே 1925 கோடையில் ஆஃப்சைடு விதி மாறியது. முன்பு, பந்தை வாங்கும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருந்தாக வேண்டும். இனி இரண்டு பேர் போதும் என்றார்கள். கோல் மழை கொட்டியது. முதல் டிவிஷனில் முந்தைய சீசனில் 1,192ஆக இருந்த கோல்கள் 1,703ஆக எகிறின. அந்த மழையில் ஆர்சனலும் நனைந்தது. 1925 அக்டோபர் 3 அன்று நியூகாசிலிடம் 7-0.

அந்த அவமானத்துக்குப் பிறகு புக்கன் ஒரு யோசனையை வற்புறுத்தினார். நடுக்களத்தில் சுற்றித் திரியும் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து டிஃபெண்டர் ஆக்கிவிடலாம். நடுவில் விழும் ஓட்டையை அடைக்க ஒரு ஃபார்வர்டைக் கீழே இறக்கலாம். சாப்மேன் சம்மதித்தார். அடுத்த ஆட்டத்தில் வெஸ்ட் ஹாம் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 4-0 என்று வீழ்த்தியது ஆர்சனல். பிற்பாடு இது மெருகேறி, மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகளான டபிள்யூவும் எம்மும் போலத் தெரியும் ஃபார்மேஷன் ஆனது. பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க டீம்கள் ஆடியது இப்படித்தான்.

யோசனை இன்னொருவருடையது என்றாலும், அதற்கு ஏற்ற ஆட்களைத் தேடிப் பிடித்தவர் சாப்மேன். பால் வண்டி ஓட்டிய எடி ஹாப்குட், பின்னாளில் இங்கிலாந்து கேப்டன். 17 வயது கிளிஃப் பாஸ்டின் பின்னாளில் அடித்த 178 கோல்கள், 1997 வரை ஆர்சனலில் யாரும் தாண்டாத சாதனை. பிரெஸ்டனில் கோல் அடித்துக் குவித்த அலெக்ஸ் ஜேம்ஸ் ஆர்சனலில் பந்து சப்ளை செய்பவராக மாற்றப்பட்டார். 10,000 பவுண்டைத் தாண்டிய முதல் ஆட்டக்காரர் டேவிட் ஜாக்கை வாங்கியபோது நடந்ததாக ஒரு கதை உண்டு. பேரம் பேச வந்த போல்டன் நிர்வாகிகளுக்கு மதுவை ஊற்றிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, தனக்கு மட்டும் மது கலக்காத பானத்தைக் கொடுக்கும்படி வெயிட்டரிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தாராம் சாப்மேன்.

1920களின் இறுதியில், கிளப் பணத்தைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்திய விவகாரத்தில் நாரிஸ் தடை செய்யப்பட்டு வெளியேறினார். அதன் பிறகு சாப்மேனின் கையைப் பிடிக்க ஆள் இல்லை.

கோப்பை மழை

1930 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் எதிரணி யார் தெரியுமா? அவர் வளர்த்த அதே ஹட்டர்ஸ்ஃபீல்டு. இரு டீமுக்கும் சாப்மேன் பொதுவானவர் என்பதால், இறுதிப் போட்டியில் முதன்முறையாக இரண்டு அணிகளும் பக்கம் பக்கமாக மைதானத்துக்குள் வந்தன. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆர்சனல் 2-0 என வென்றது. அதுதான் அந்த கிளப்பின் முதல் பெரிய கோப்பை.

1931இல் 127 கோல்கள் அடித்து லீக் பட்டம். தெற்கு இங்கிலாந்து கிளப் ஒன்று லீக்கை வென்றது அதுவே முதல் தடவை. 1933இல் மறுபடியும் சாம்பியன்.

எல்லாம் வெற்றி மட்டும் இல்லை. அதே 1933 ஜனவரியில், மூன்றாம் டிவிஷனில் ஆடிய வால்சால் அணியிடம் கோப்பை ஆட்டத்தில் 2-0 என்று தோற்று மானம் போனது. பெனால்டிக்குக் காரணமான இளம் டிஃபெண்டர் டாமி பிளாக் ஒரே வாரத்தில் வேறு கிளப்புக்கு விற்கப்பட்டார். அன்பானவர்தான், ஆனால் கருணைக்கு ஓர் எல்லை வைத்திருந்தவர்.

காலத்துக்கு முன்னால் ஓடியவர்

1928 ஆகஸ்டில் தன் அணியின் ஜெர்சியில் நம்பர் போட்டு இறக்கினார். லீக் தடுத்தது. அது கட்டாயமானது 1939இல். ஹைபரியில் ஃப்ளட்லைட் பொருத்தினார். லீக் ஆட்டங்களுக்கு அது அனுமதிக்கப்பட்டது 1956இல். ஆஸ்திரிய கோல்கீப்பர் ரூடி ஹிடனை வாங்கப் பார்த்தார். அரசு உள்ளே விடவில்லை. 45 நிமிடக் கடிகாரத்தை மைதானத்தில் மாட்டினார். கால்பந்து சங்கம் ஆட்சேபித்ததால் சாதாரணக் கடிகாரமாக மாற்றினார். சிவப்பு ஜெர்சிக்கு வெள்ளைக் கை வைத்தது அவர் காலத்தில், 1933இல்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாதனை ஒன்று உண்டு. மைதானத்துக்குப் பக்கத்தில் கில்லெஸ்பி ரோடு என்ற சுரங்க ரயில் நிலையம் இருந்தது. பெயரை மாற்றினால் டிக்கெட், வரைபடம், பலகை எல்லாம் புதிதாக அடிக்க வேண்டும். ரயில்வேயிடம் விடாமல் பேசி, 1932 அக்டோபர் 31 அன்று அதை ஆர்சனல் என்றே மாற்ற வைத்தார். ஒரு டீமுக்கு இதைவிட நல்ல இலவச விளம்பரம் கிடையாது.

கடைசி வாரம்

1934 புத்தாண்டு அன்று மற்ற கிளப்களின் ஆட்டத்தைப் பார்க்க வடக்கே போனார். அடுத்த நாள், சனிக்கிழமை மோத வேண்டிய ஷெஃபீல்டு வெட்னஸ்டேவை நோட்டம் விட்டார். கடுமையான ஜலதோஷத்தோடு லண்டன் திரும்பியவரை டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். கேட்கவில்லை. ஆர்சனலின் மூன்றாம் நிலை அணி கில்ட்ஃபோர்டில் ஆடுகிறது, பையன்களைப் பார்க்க வேண்டும் என்று குளிரில் கிளம்பிப் போனார். அது நிமோனியாவில் கொண்டுபோய் விட்டது. ஆன்டிபயாடிக் மருந்துகள் புழக்கத்துக்கு வராத காலம். சனிக்கிழமை அதிகாலை, ஹெண்டனில் உள்ள வீட்டில் உயிர் பிரிந்தது.

ஹட்டர்ஸ்ஃபீல்டிலும் இதே மாதிரிதான் நடந்தது. இரண்டு பட்டங்களோடு அவர் ஆர்சனலுக்குக் கிளம்ப, 1926இல் மூன்றாவது பட்டத்தை அவர் இல்லாமலேயே வென்றது ஹட்டர்ஸ்ஃபீல்டு. தொடர்ந்து மூன்று முறை லீக்கை வென்ற முதல் கிளப் அது, இரண்டாவது ஆர்சனல். இரண்டையும் கட்டியவர் ஒருவர்தான், இரண்டிலும் மூன்றாவது பட்டத்தின்போது அவர் அங்கே இல்லை. ஆள் இல்லாவிட்டாலும் ஓடும்படி கிளப்பைக் கட்டுவதுதான் மேனேஜரின் வேலை என்று அவர் நினைத்திருந்தால், அந்த வேலை கச்சிதமாக முடிந்திருந்தது. அவர் பயிற்சியாளராக ஆக்கிய டாம் விட்டேக்கர் பின்னாளில் அதே கிளப்பின் மேனேஜராகி 1948, 1953 லீக் பட்டங்களை வென்றார்.

2006இல் ஆர்சனல் ஹைபரியைக் காலி செய்து பக்கத்திலேயே புது மைதானத்துக்குப் போய்விட்டது. வாசலில் சாப்மேனுக்குச் சிலை இருக்கிறது. பழைய மைதானம் அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் மாறவே இல்லை.