காகிதம் மடித்துக் கணக்குச் சொன்ன டிப்டி கலெக்டர்

ஒரு துண்டுக் காகிதம். அதை மடித்தால் கப்பல் ஆகும். காற்றாடி ஆகும். பொங்கல் வாழ்த்து அட்டையும் ஆகும். இது எல்லோருக்கும் தெரியும்.

அதே காகிதத்தை மடித்துக் கணிதமும் சொல்லிக் கொடுக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டினார் ஒருவர். அவர் வாத்தியார் அல்ல. பேராசிரியரும் அல்ல. வரி வசூல் இலாகாவில் வேலை பார்த்த ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர். தண்டலம் சுந்தர ராவ் என்பது அவர் பெயர்.

ஓலை மடித்த கைகள்

மடிப்பது நமக்குப் புதிய வித்தையா? இல்லை. கன்னியாகுமரிச் சீமையில், காகிதம் வீடு வீடாக வருவதற்கு முன்பே பனை ஓலையை மடித்தார்கள். அக்கானி குடிக்க ஓலைப் பட்டை மடித்தார்கள். திருக்கார்த்திகை வந்தால் குருத்தோலைக்குள் மாவை வைத்துக் கொழுக்கட்டை அவித்தார்கள். பெட்டி முடைந்தார்கள். பிள்ளைகளுக்குக் காற்றாடி செய்து கொடுத்தார்கள்.

அந்தக் கைகளில் அளவுகோல் இருந்ததில்லை. ஓலையின் ஒரு நுனியை மறு நுனியோடு சேர்த்து மடித்தால், நடு எது என்று தானே தெரிந்துவிடும். நாஞ்சில் நாட்டுப் பாட்டிமாருக்குத் தெரிந்த இந்த எளிய உண்மையின் மேல்தான் சுந்தர ராவ் தம் நூலைக் கட்டினார்.

படிப்பும் பதவியும்

சுந்தர ராவ் 1853ஆம் ஆண்டு பிறந்தார். கும்பகோணம் சர்க்கார் கல்லூரியில் படித்து 1874இல் பட்டம் பெற்றார். கணிதத்தில் அவர் கெட்டிக்காரர். பின்னாளில், 1904இல், கணித மேதை ராமானுஜன் சேர்ந்து படித்ததும் இதே கல்லூரியில்தான்.

அக்காலத்தில் படித்தவர்கள் பலரும் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார்கள். சுந்தர ராவும் போனார். தாசில்தார் ஆனார். பிறகு டிப்டி கலெக்டர் ஆனார். நிலம், வரி, பட்டா, ஜமாபந்தி என்று நாள் முழுவதும் ஓயாத வேலை உள்ள இலாகா அது. ஆனாலும் வடிவக் கணிதத்தின் மேல் அவருக்கு இருந்த ஆசை குறையவில்லை.

அந்த இலாகாவில் கணிதப் பித்துப் பிடித்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய வி. ராமஸ்வாமி ஐயரும் டிப்டி கலெக்டராக இருந்தவரே. வேலை தேடி அலைந்த ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றது அவரிடம்தான்.

குழந்தைகளின் விளையாட்டுப் பெட்டி

ஜெர்மனியில் பிரோபெல் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் காலம் 1782 முதல் 1852 வரை. சிறு குழந்தைகள் விளையாடிக்கொண்டே படிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கிண்டர்கார்ட்டன் என்ற குழந்தைப் பள்ளி முறையைத் தொடங்கியவர் அவர்தான். பந்து, கட்டை, குச்சி, காகிதம் ஆகியவற்றைக் கொண்டே அந்தப் பள்ளியில் பாடம் நடக்கும்.

அந்த முறையில் வந்த ஒரு விளையாட்டுப் பெட்டி சுந்தர ராவின் கண்ணில் பட்டது. அதில் 200 வண்ணக் காகிதங்கள் இருந்தன. எல்லாம் சதுரமாக வெட்டியவை. மடிப்பை அழுத்த ஒரு சிறு கருவியும், மடிக்கும் முறையைக் காட்டும் படங்களும் இருந்தன.

மற்றவர்கள் அதில் பொம்மைகளைப் பார்த்தார்கள். சுந்தர ராவ் அதில் முக்கோணத்தைப் பார்த்தார். ஐங்கோணத்தைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். குழந்தைகளின் காகிதத்தை வைத்தே பெரிய பிள்ளைகளுக்கும் வடிவக் கணிதம் கற்பிக்கலாம் என்று முடிவு செய்தார்.

1893இல் அவருடைய ஆங்கில நூலைச் சென்னை அடிசன் கம்பெனி வெளியிட்டது. காகித மடிப்பில் வடிவக் கணிதப் பயிற்சிகள் என்பது அதன் பெயரின் பொருள். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே மிஷன் பள்ளி கல்லூரியாக உயர்ந்து, ஸ்காட் கல்லூரியாக வளரத் தொடங்கியதும் அதே 1893ஆம் ஆண்டுதான்.

காம்பஸ் வேண்டாம்!

வடிவக் கணிதம் என்றால் காம்பஸ் வேண்டும், அளவுகோல் வேண்டும். அந்தப் பெட்டியை வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? சுந்தர ராவின் முறையில் காகிதமும் ஒரு சிறு பேனாக் கத்தியும் போதும்.

உதாரணமாக, மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வேண்டுமா? ஒரு சதுரக் காகிதத்தை நிறுத்தி, இடது ஓரம் வலது ஓரத்தைத் தொடும்படி பாதியாக மடித்து விரியுங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். இப்போது கீழ் வலது மூலையைத் தூக்கி, அந்தக் கோட்டின் மேல் படும்படி மடியுங்கள். மடிப்பு கீழ் இடது மூலை வழியாகப் போக வேண்டும். மூலை கோட்டைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். விரித்து, அந்தப் புள்ளியிலிருந்து கீழ் மூலைகள் இரண்டுக்கும் மடிப்புப் போடுங்கள். முக்கோணம் தயார்!

மூன்று பக்கமும் எப்படிச் சமம்? அடிப்பக்கமே எழுந்து இடது பக்கமாக நின்றது. ஆகையால் அவை இரண்டும் சமம். நடுக்கோடு இரண்டு மூலைகளுக்கும் சம தூரத்தில் உள்ளது; ஆகையால் மூன்றாவது பக்கமும் சமம். நிரூபணம் கையிலேயே இருக்கிறது.

இன்னொன்று. சதுரத்தின் நான்கு மூலைகளையும் நடுவில் சேரும்படி மடியுங்கள். சிறிய சதுரம் கிடைக்கும். மடங்கிய நான்கு துண்டுகளும் அதைச் சரியாக மூடுவதால், அது பெரிய சதுரத்தில் பாதி. மறுபடி மடித்தால் கால். அடுத்து அரைக்கால். பாதியும் காலும் அரைக்காலும் என்று கூட்டிக்கொண்டே போனாலும், முழுசைத் தாண்டாது. கல்லூரியில் படிக்கும் கணக்கு இது. காகிதத்தில் குழந்தைக்கும் புரிகிறது.

கடல் கடந்த புகழ்

சென்னையில் அச்சான ஒரு சின்ன நூல். நாலு பேர் படித்து, பிறகு மறைந்து போயிருக்கலாம். ஆனால் அது ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைனின் கண்ணில் பட்டது. 1895இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவர் அதைக் குறிப்பிட்டார்.

கிளைனின் புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் பீமன், ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள். அந்தக் குறிப்பைப் பார்த்து, சுந்தர ராவின் நூலைத் தேடினார்கள். அது கைக்கு வந்து சேரவே வெகு நாள் ஆயிற்று. படித்ததும் அமெரிக்காவில் வெளியிட அனுமதி கேட்டார்கள். சுந்தர ராவ் தாராளமாக அனுமதி கொடுத்தார்!

1901இல் சிகாகோ நகரில் நூல் வெளியாயிற்று. உண்மையாகவே மடித்த காகிதங்களைப் புகைப்படம் எடுத்து அதில் சேர்த்தார்கள். 1966இல் நியூயார்க்கில் மறுபடி அச்சிட்டார்கள். காகித மடிப்புக் கணிதத்தின் வரலாறு சொல்பவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

பின்னால் வந்தவர் கண்டது

பெரியவர்களின் நூலிலும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஒரு கோணத்தை மூன்று சம பங்காக்குவதற்குச் சுந்தர ராவ் காட்டிய வழி ஏறக்குறையச் சரியானதே தவிர, துல்லியமானது அல்ல. கன மூலம் காண்பது மடிப்பால் ஆகாது என்பது போலவும் எழுதினார்.

1936இல் இத்தாலியக் கணித அறிஞர் மார்கரீட்டா பெலோக் என்ற பெண்மணி, ஒரு புது மடிப்பால் அதுவும் ஆகும் என்று காட்டினார். சுந்தர ராவ் திறந்த கதவு வழியே மற்றவர்கள் இன்னும் தூரம் போனார்கள். வழி திறந்தவருக்கு அதுவும் பெருமைதானே!

கையால் ஒரு வாழ்த்து

கடையில் வாங்கும் வாழ்த்து அட்டை அழகாக இருக்கலாம். கையால் செய்து கொடுப்பதில் அன்பும் சேர்ந்து போகிறது. சுந்தர ராவ் காட்டிய மடிப்புகளைக் கொண்டே ஓர் அட்டை செய்யலாம்.

8 சென்டிமீட்டர் சதுரமான வண்ணக் காகிதம் இரண்டு எடுங்கள். மேலே சொன்னபடி இரண்டு முக்கோணம் மடித்து வெட்டுங்கள். ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் நடுவோடு நடு பொருந்த ஒட்டினால் ஆறு முனை நட்சத்திரம் வரும். கெட்டிக் காகிதத்தை இரண்டாக மடித்து, 13 சென்டிமீட்டர் சதுர அட்டையாக்கி, அதன் முகப்பில் நட்சத்திரத்தை ஒட்டுங்கள். உள்ளே வாழ்த்து எழுதுங்கள்.

உறைக்கு 20 சென்டிமீட்டர் சதுரக் காகிதம் போதும். நான்கு மூலைகளையும் நடுவில் மடித்தால், சுமார் 14 சென்டிமீட்டர் உறை கிடைக்கும். அட்டை அதற்குள் அடங்கிவிடும்.

பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் ரம்ஜானுக்கும் அக்கம்பக்கத்தார் பலகாரம் பரிமாறிக்கொள்ளும் ஊர் நாஞ்சில் நாடு. அந்தத் தட்டோடு குழந்தை மடித்த அட்டையும் போகட்டும். மடிக்கும்போதே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏன் சமம் என்று தாய்மார்கள் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். பதில் சொல்லும் பிள்ளை கணக்கைக் கண்டு பயப்படாது. சுந்தர ராவ் விரும்பியதும் அதுதான்.