உண்டிகோலில் தொடங்கிய வாழ்க்கை



தோட்டப்புறத்தில் வளர்ந்த உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். உண்டிகோலும் கையுமாய் ரப்பர் காட்டில் அலைந்து, வீட்டுக்கு வந்து அடி வாங்கிய கதை ஒன்றாவது வைத்திருப்பார். அப்படி உண்டிகோலோடு காட்டுக்குள் போன ஒரு பையனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பின்னாளில் புலி வேட்டைக்காரர் என்று உலகம் அறிந்த ஜிம் கார்பெட்தான் அவர்.

இந்தியாவின் வடக்கே, இமயமலைச் சாரலில் குமாவோன் என்றொரு பகுதி. அங்குள்ள நைனிடால் நகரில் 1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் கார்பெட் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சலக அதிகாரி. பையனுக்கு ஆறு வயது நிரம்புமுன் தந்தை காலமாகிவிட்டார். பெரிய குடும்பம், பாரமெல்லாம் தாயின் தலையிலும் அண்ணன் டாம் தலையிலும் விழுந்தது. குளிர்காலம் வந்தால் குடும்பமே மலையிறங்கி, காலாதுங்கி என்ற காட்டோர ஊருக்கு வந்துவிடும்.

சின்ன வயதில் பையன் நிமோனியாக் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவன் தேறி எழ வேண்டும் என்று ஆசை காட்டி அண்ணன் கொடுத்ததுதான் அந்த உண்டிகோல். அதன் பிறகு வீட்டில் எங்கே தங்கினான்? காடே கதி!

அண்ணன் அதோடு விடவில்லை. ஒருநாள் கரடி வேட்டைக்குக் கூட்டிப் போய், தம்பியைத் தனியே ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டுத் தான் வேறு பக்கம் போய்விட்டார். காற்றில் மரம் முனகினாலே பேய் என்று நினைக்கிற வயசு. பையன் வெலவெலத்துப் போனான். ஆனால் எழுந்து ஓடவில்லை. அசையாமல் உட்காரவும் பயத்தை அடக்கவும் அவனுக்குக் கிடைத்த முதல் பாடம் அது. இந்தக் காலத்துத் தாய்மார்கள் கேட்டால் அந்த அண்ணனைச் சும்மா விடமாட்டார்கள். எனக்கும் அது சரியென்று படவில்லை. ஆனால் நடந்தது அப்படித்தான்.

பிறகு ஒரு துப்பாக்கியும் வந்தது. என்ன துப்பாக்கி தெரியுமா? மருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய இரட்டைக் குழல். ஒரு குழல் பிளந்து கிடந்தது. கட்டை உடைந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. வேறு யாராவதாக இருந்தால் கேலி செய்திருப்பார்கள். குன்வர் சிங் செய்யவில்லை. அவர் பக்கத்துக் கிராமத் தலைவர். கள்ள வேட்டையில் பேர் போனவர். உருப்படியாக இருந்த அந்த ஒரு குழலைப் பார்த்து மகிழ்ந்து, பையனை ஆண்பிள்ளையாக மதித்துப் பேசினார். காட்டுக்குப் போகிறவன் முதலில் மரம் ஏறப் பழக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவரே. பல்லாண்டு கழித்து அவர் அபினுக்கு அடிமையாகிச் சாகக் கிடந்தபோது, ஓடிப்போய்க் காப்பாற்றியவர் இந்தப் பழைய மாணவர்தான்.

குரல் கேட்டால் எந்தப் பறவை, எந்த மிருகம் என்று பையன் சொல்லிவிடுவான். குரங்கு எதைக் கண்டு கத்துகிறது, மான் ஏன் எச்சரிக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. காலடித் தடத்தைப் பாடப் புத்தகம்போல் வாசிப்பான். சிறு நெருப்பு மூட்டிக்கொண்டு இரவெல்லாம் காட்டிலேயே படுத்துக் கிடந்த நாள்களும் உண்டு.

வளர்ந்ததும் ரயில்வே வேலைக்குப் போனார். மொகாமே காட் என்ற இடத்தில் இருபது ஆண்டுக்கு மேல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையை நடத்தினார்.

1907-இல் சம்பாவத் பக்கம் ஒரு பெண்புலியைக் கொல்ல அவரை அழைத்தார்கள். நேபாளத்திலும் குமாவோனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர்! பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு போனார். கிராம மக்கள் மேளம் கொட்டிக் கூச்சல் போட்டுப் புலியைக் கிளப்பினார்கள். கையிலிருந்த தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. காயம்பட்ட புலி எதிரே நிற்கிறது. ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்தார். பார்த்தால் அதுவும் ஓட்டைத் துப்பாக்கி! குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. பிளந்த குழலோடு காடு சுற்றியவருக்கு அது புதிதா என்ன? அதைக் கொண்டே முடித்தார்.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. கீழ்ப்பல் எலும்பு மட்டும் போயிருந்தது. எப்போதோ யாரோ ஒரு வேட்டைக்காரர் சுட்ட குண்டினால் வந்த ஊனம் அது. தன் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரைப் பிடிக்கத் தொடங்கியது. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், யாரோ சுட்டுக் காயத்தோடு விட்டுப்போன ஒரு புலி; அதனால் 436 வீடுகளில் அழுகை.

1926-இல் ருத்ரபிரயாகையில் 125 பேரைக் கொன்ற சிறுத்தையையும் அவரே ஒழித்தார். ஆனால் விளையாட்டுக்காகப் புலியைச் சுடும் ஆசை அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. சாம்பியன் என்ற வன அதிகாரி எடுத்த புலிப் படங்களைப் பார்த்து, கார்பெட்டும் கேமராவைத் தூக்கினார். புலியைச் சுடுவதைவிடப் படம் பிடிப்பது கஷ்டம். அதற்கும் அண்ணன் கற்றுத் தந்ததுபோல் அசையாமல் உட்கார வேண்டுமே! 1944-இல் வெளிவந்த குமாவோன் ஆட்கொல்லிகள் பற்றிய புத்தகம் அவர் பெயரை உலகமெங்கும் கொண்டு போயிற்று.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1947-இல் தமக்கை மேகியுடன் கென்யாவுக்குக் குடிபெயர்ந்து, 1955-இல் நியெரி என்ற ஊரில் காலமானார். அவருடைய முயற்சியும் சேர்ந்து 1936-இல் காலாதுங்கிக்கு அப்பால் உருவான தேசியப் பூங்காவுக்கு, 1957-இல் அவர் பெயரையே வைத்தார்கள். 1973-இல் இந்திய அரசு புலிகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியதும் அந்தக் காட்டில்தான்.