மணலில் அணை கட்டப் படித்தவர்: சர் ஆர்தர் காட்டன்

தம்பி தங்கைகளே, ஹுனுவா மலைக்கு நடக்கப் போனவர்கள் கோசீஸ் அணையைப் பார்த்திருப்பீர்கள். ஆக்லாந்தில் நாம் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அது மண்ணை இறுக்கிக் கட்டிய கரை. மண்ணால் தண்ணீரை மறிப்பது நம் பாட்டன் பூட்டன் காலத்து வேலை. நம் ஊர் விவசாயிகள் மண்ணும் தழையும் மரக்கிளையும் போட்டு ஆற்றுக்குக் குறுக்கே கொறம்பு கட்டுவார்கள். தண்ணீர் உயர்ந்து வாய்க்காலில் ஏறும். வெள்ளம் வந்தால் கொறம்பு போய்விடும். மறுபடியும் கட்ட வேண்டும்.

1821-ல், 18 வயதில், ஆர்தர் காட்டன் சென்னைக்கு வந்தார். இராணுவப் பொறியாளர், வேதத்தை நேசித்த விசுவாசி. அப்போது தஞ்சாவூருக்குப் பெரிய கஷ்டம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன அல்லவா? காவிரியின் வாயில் மணல் மேடிட்டது, கொள்ளிடமோ ஆழமாகிக்கொண்டே போனது. தண்ணீரெல்லாம் கொள்ளிடம் வழியாய்க் கடலுக்கு ஓட, வயல்கள் காய்ந்தன.

கொள்ளிடத்தை மறிக்கலாம். ஆனால் அங்கே எவ்வளவு தோண்டினாலும் மணல். பாறை இல்லாமல் அஸ்திவாரம் எப்படி? காட்டன் கல்லணைக்குப் போய்ப் பார்த்தார். கரிகால் சோழன் பெயர் சொல்லும் அந்த அணையில் கற்கள் மணலுக்குள்ளேயே இறங்கி நின்றன. இடையில் பூசியிருந்தது வெறும் களிமண். அதே முறையைப் பிடித்து 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது. மணலில் அஸ்திவாரம் போட இந்த ஊர்க்காரரிடம்தான் படித்தேன் என்று அவரே பின்னாளில் ஒத்துக்கொண்டார். பழைய ஏரிகளையும் கால்வாய்களையும் கெடவிட்ட வெள்ளைக்காரரை ஜனங்கள் நாகரிகம் தெரியாதவர்கள் என்று ஏளனம் செய்ததையும் மறைக்காமல் எழுதினார். எத்தனை துரைமார் அப்படி எழுதுவார்கள்?

காய்ச்சல் அவரை விடவில்லை. நர்ஸாகச் சொல்கிறேன், அந்த உடம்போடு வெயிலில் நிற்க நான் அனுமதித்திருக்க மாட்டேன். ஓய்வுக்காக நமக்குப் பக்கத்தில் உள்ள டாஸ்மேனியாவுக்கு வந்தார். 1841-ல் எலிசபெத் லியர்மந்தை மணந்தார். திரும்பிப் போய், பஞ்சத்தில் நொந்திருந்த கோதாவரிக் கரையில் 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். அந்த டெல்டா விவசாயிகள் இன்றும் மே 15-ல் அவர் பிறந்த நாளைக் கொண்டாடுகிறார்கள்.

ரயிலுக்குப் போகிற பணத்தில் கால்வாய் வெட்டுங்கள் என்று லண்டனில் முதுமைவரை வாதாடினார். பலர் கேட்கவில்லை. கடைசிக் காலத்தில் டார்கிங் ஊரில் வீட்டுத் தோட்டத்தை ஆழக் கொத்தி, கோதுமை எவ்வளவு விளையும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1899 ஜூலை 24-ல், 96-ஆம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.