ஜெட்டைவிட கார்தான் ஆபத்து என்று கண்டுபிடித்த டாக்டர்: யார் இந்த ஜான் ஸ்டாப்?

கொடைரோடு டோல்கேட்டைத் தாண்டினதும் ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள், பெல்ட் போட்டிருக்கோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெல்ட்டுக்காக ஒரு டாக்டர் தன் உடம்பையே பணயம் வைத்திருக்கிறார்.

ஜான் பால் ஸ்டாப், 1910-ல் பிரேசிலில் பிறந்த அமெரிக்க விமானப்படை மருத்துவர். உடல் எடையைப்போல 18 மடங்கு விசை தாக்கினாலே ஆள் காலி என்று அப்போது நம்பினார்கள். ஸ்டாப் தானே ராக்கெட் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். 1954 டிசம்பர் 10 அன்று மணிக்கு 1,017 கி.மீ. வேகத்தில் பாய்ந்த வண்டி, 1.4 விநாடியில் நின்றது. தாக்கிய விசை 46 மடங்கு! கண்ணில் ரத்தம் கட்டி, பார்வை போய்த் திரும்பியது. இறுக்கிக் கட்டிய வார்கள் விசையைப் பரப்பியதால்தான் பிழைத்தார்.

இதைவிட முக்கியம், அவர் கவனித்த புள்ளிவிவரம். விமானிகள் விமான விபத்தைவிடக் கார் விபத்துலதான் அதிகம் செத்தார்கள். ஜெட்டில் வார் கட்டிப் பறந்தவர்களுக்கு, காரில் பெல்ட்டே இல்லை. 1955-லேயே கார் மோதல் ஆய்வுக்கான மாநாட்டைத் தொடங்கினார். 1966-ல் அதிபர் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது ஸ்டாப்பும் அங்கே இருந்தார். 1999-ல், 89 வயதில் காலமானார்.

இந்தியாவில் 2023-ல் வந்த பாரத் என்கேப் சோதனையில், மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் காரை மோதவிட்டு, பொம்மையின் தலை, நெஞ்சில் விழும் அடியை அளக்கிறார்கள். பைக்கும் பஸ்ஸும் இதில் வராது.